எரியாத வாயு வேண்டும்

அறையின் வெப்பத்தை வெளியே சுமந்து செல்லும் குளிர்பதனிகளுள் ஒன்றான ஆர்-22, ஓசோன் படலத்தை அரிப்பதாகக் கண்டு விலக்கப்பட்டபோது அவ்விடத்தில் அமர்ந்த ஆர்-410ஏ, ஓசோனை விட்டுவிட்டுப் புவியைச் சூடாக்கும் பணியை மட்டும் குறைவின்றித் தொடர்ந்தது. நூறாண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, 2,088 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர். ஆர்-32க்கு அவ்வெண் 675 என்பதால் விற்பனையாளர்கள் அதனைப் பசுமை என்றே அழைக்கின்றனர். ஏறத்தாழ 3 மட்டுமே பெறும் ஆர்-290 என்பது புரொப்பேன், அதாவது சமையல் எரிவாயுவின் ஒரு கூறு. சில நூறு கிராம் புரொப்பேன் ஏசிக்குள் ஓடுவதை எண்ணி நடுங்கும் குடும்பத் தலைவர், 14.2 கிலோ சிலிண்டர் அடுப்படியில் நிற்பதையும், அதன் கசிவைக் கண்டறியும் பொறுப்பு முழுவதும் மனைவியின் மூக்கிடம் விடப்பட்டிருப்பதையும் ஆபத்தெனக் கருதியதில்லை. எரியாத வாயுவே வேண்டுமென வற்புறுத்தி, இலேசாக எரியும் வகையைச் சேர்ந்த ஆர்-32ஐ நிம்மதியுடன் வாங்கிச் செல்கிறார்.