ஐந்து நிமிடத்துக்கு ஒரு தலைப்பு

கேள்வி: கல்லூரியில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். 'அறிவியலின் வளர்ச்சி' என்ற தலைப்பு எடுபடுமா?

பதில்: அறிவியல் வளர்வதற்குள் மணி அடித்துவிடுவார்கள்! தலைப்பைச் சுருக்குங்கள். 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே தொடங்கிய ஆறு உரைகளுக்கும் ஒரே பொருள்தான்: மெழுகுவத்தி! உருகிய மெழுகு திரியில் ஏறுவது, ஆவியாகி எரிவது, சுடருக்கு மேல் பிடித்த சில்லென்ற பாத்திரத்தில் நீர் திரள்வது என்று அதை வைத்தே வேதியியலைக் காட்டிவிட்டார்.

உங்களுக்கும் அடுக்களையிலேயே தலைப்பு இருக்கிறது. இட்லி மாவு ராத்திரியில் ஏன் பொங்குகிறது? எல்லோரும் பார்த்தது, பலர் காரணம் கேட்காதது. நுண்ணுயிர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைத்துக்கொள்வதைச் சொல்லுங்கள். பொங்கிய மாவு ஒரு கிண்ணம் கையில் இருக்கட்டும்; கடைசி பெஞ்சும் எட்டிப் பார்க்கும்.