ஆனைக்கும் அடி சறுக்கும்: எத்தனை ஆனைக்கு?

வா பேராண்டி, குந்து. மூஞ்சி ஏன் உப்புப் போட்ட தேத்தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு? கண்டி டவுன் டியூசன்ல சிவப்புக்கோடு விழுந்துருச்சா?

என்னத்த எழுதின? கொழுந்தெடுக்கிற பொம்பளையாளுக கூடை சுமக்குறாங்கன்னு இங்கிலீசுல எழுதினியா? ஆளுகளப் பன்மையில போட்டுட்டு, கூடைய 'தெயர் பாஸ்கெட்'னு ஒத்தையில விட்டுட்ட. "அத்தனை பேருக்கும் ஒரே கூடையா?"ன்னு வாத்தியாரு கேட்டாராக்கும்.

அடேங்கப்பா! லூல்கந்துரையில ஜேம்ஸ் டெய்லர் தொரை 1867ல தேயிலை போட்டாரு. அன்னையில இருந்து எந்தக் கங்காணிக்காச்சும் இந்தச் சந்தேகம் வந்திருக்குமா? நூறு பேரு ஒரு கூடையத் தூக்கிக்கிட்டு மலை ஏறுனா, பெரஹரா ஊர்வலத்த விட்டுட்டு சனம் அதையில்ல பாக்க வரும்!

சிரிச்சது போதும். வாத்தியாரு சொன்னதுல ஞாயம் இருக்கு. வெள்ளைக்காரன் கணக்கு அப்படி. பொதுவாப் பேசுறப்ப 'எலிஃபண்ட்ஸ்'னு தொடங்கிட்டா, வாலு, தும்பிக்கை எல்லாத்துக்கும் 'ஸ்' மாட்டுவான். முன்னால 'தி' போட்டியோ, அது பெரஹராவுல போற அந்த ஆனைக மட்டும்தான். 'ஆன் எலிஃபண்ட்'னு ஒத்தை ஆனைய வச்சும் ஆனைச் சாதியையே பேசலாம். அப்படின்னா கடைசிவரை ஒத்தையிலயே நில்லு. ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு ஆகாது. வெள்ளைக்காரனே சில நேரம் கூடைய ஒத்தையில விட்டுடுவான். பரீட்சைத் தாளுல நீ விடாதே.

தலதா மாளிகைப் பக்கம் பூ விக்கிறவங்ககிட்டக் கேளு. சிங்களத்துல ஒரு பூவுன்னா 'மல', நிறையப் பூவுன்னா 'மல்'. பூ கூடக்கூடச் சொல்லு சுருங்குது! அதுக்காக யாராச்சும் ஒத்தைப் பூவக் கொடுத்துட்டு ஒரு தட்டுப் பூவுக்கான காச வாங்குறாங்களா?

நம்ம பாசை இன்னும் தாராளம். மாடு வந்தது, மாடு வந்தன, ரெண்டும் நன்னூலுக்குச் சம்மதம். ஒண்ணா பலவான்னு வினைச்சொல்லு காட்டிக் கொடுத்துடும். ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொன்ன கிழவி, ஆனைய எண்ணிக்கிட்டா இருந்தா? 'ஆனைகளுக்கும் அடிகள் சறுக்கும்'னு சொல்லிப் பாரு. பழமொழியே சறுக்கி விழும்.

இங்கிலீசு படிச்ச சூட்டுல நேத்து கடையில 'பத்துத் தேங்காய்கள்' கேட்டியாமே? பத்துன்னு சொன்ன பொறவு 'கள்' எதுக்குடா? பதினோராவது தேங்காய் ஓசியில வருமா?

அவன் பாசையில 'ஸ்' குறையாமப் போடு. நம்ம பாசையில 'கள்'ள அளவாப் போடு. கித்துள் கள்ளோ இலக்கணக் கள்ளோ, கூடினா தள்ளாடும்.

போ, கூடைக்கு ஒரு 'ஸ்' போட்டுட்டு வந்து தேத்தண்ணி குடி.