குளிர்காயும் கலை

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஃபேஸ்புக் நிறுவிய தரவு மையம், அதாவது உலகத்தாரின் படங்களையும் பிணக்குகளையும் சேர்த்துவைக்கும் கணினிக் கிடங்கு, தன் சர்வர்கள் கக்கும் வெக்கையை வீணே வானில் விடாமல், தாமிரச் சுருள்களில் ஓடும் நீருக்கு ஏற்றுகிறது. வெதுவெதுப்பான அந்நீரின் வெப்பத்தை ஹீட் பம்ப் எனும் எந்திரங்கள் மேலும் உயர்த்த, வீடுகளுக்குக் குழாய்வழி சூடு வழங்கும் நகர வெப்ப வலையமைப்பு அதை 2020 முதல் பெற்றுவருகிறது. திட்டத்தின் தொடக்க இலக்கு சுமார் 6,900 வீடுகள். மின்செலவைக் குறைப்பதே சிக்கனம் என்று பழைய பாடநூல்கள் கருதின. கழிவுக்கு ஒரு விலாசம் தேடிக்கொடுப்பதும் சிக்கனமே என்பது புதிய பாடம். ஊரார் சண்டையில் குளிர்காய்வது இழிவு என்ற வழக்கு, ஒடென்சேயில் மட்டும் எரிசக்தித் திறன் எனத் திருத்தி எழுதப்பட்டுள்ளது.