கார் வீதியில் ஃபோர்டு கட்சி

சிதம்பரத்தில் நடராஜர் கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதிகள். ஆங்கிலத்தில் 'கார் ஸ்ட்ரீட்'. சொன்னது தேரைத்தான். ஆனால் கீழ வீதி டீக்கடையில் கூடும் மோட்டார் ரசிகர்கள் அதைத் தங்கள் பெயருக்கு வந்த பட்டாவாகவே வைத்துக்கொண்டார்கள்.

அங்கே கட்சிகள் மூன்று. ஒன்று, 1999-இல் வந்த ஃபோர்டு ஐகானோடு காலம் நின்றுவிட்டது என்பது. இரண்டாவது, அதே ஃபோர்டின் ஈகோஸ்போர்ட்டைத் தவிர மற்றதெல்லாம் தகரடப்பா என்பது. மூன்றாவது கடலூரிலிருந்து ஞாயிறுதோறும் வரும். கொரியக் காரில் வந்து இறங்கி அமெரிக்கக் காரைப் புகழும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்தியாவில் செவர்லே விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு கையை விரித்தபோது, பத்தாண்டு நட்டம் 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. மறுவருடம் அதன் மறைமலைநகர் ஆலையும் ஓய்ந்தது.

"வண்டி இரும்புண்ணே. பழசே ஓடிக்கிட்டிருந்தா புதுசை எவன் வாங்குவான்?"

நட்டத்துக்கு இதைவிடக் கௌரவமான காரணத்தை டெட்ராய்ட்டே யோசித்திருக்காது.

2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாயில் மறைமலைநகர் ஆலையை மறுபடி இயக்கப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. அன்று கடையில் டீ எல்லோருக்கும் இலவசம். மறுநாள், செய்தியை முழுதாகப் படித்த ஒருவர் வந்து சேர்ந்தார்: செய்யப்போவது எஞ்சின் மட்டும், அதுவும் 2029-இல், அதுவும் ஏற்றுமதிக்கு.

கொஞ்ச நேரம் கிளாஸ் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"எஞ்சின் வந்துட்டா பாடி வராமலா போயிடும், தம்பி?" என்றார் ஐகான் கட்சித் தலைவர்.

கடலூர்க்காரர் தலையாட்டிக்கொண்டே கொரியக் காரைக் கிளப்பினார்.