கேள்வி-பதில்: கல்யாண கேசட்டும் புதுக் கம்ப்யூட்டரும்

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டதால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். குடும்ப வீடியோக்களை ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்துவிடலாமா? (கோவை வாசகர்)

பதில்: ‘கட்’ கூடவே கூடாது, ‘காப்பி’தான். கட் செய்தால், ஃபைல் அங்கே போய்ச் சேர்ந்ததும் இங்கே அழிந்துவிடும். சேர்ந்தது ஒழுங்காக ஓடுகிறதா என்று அதற்குள் யார் பார்த்தார்கள்? காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். சில வீடியோக்களைத் திறந்து நடுவையும் கடைசி நிமிடத்தையும் ஓட்டுங்கள். பழைய கம்ப்யூட்டருக்கு விலை பேசுவது அதற்கப்புறம்.

கேள்வி: எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைக் காலி செய்துவிட்டேன். பேக்கப் முடிந்தது அல்லவா? (திருச்சி வாசகி)

பதில்: வீடு மாற்றியிருக்கிறீர்கள், பேக்கப் எடுக்கவில்லை. நேற்றும் ஒரே பிரதி, இன்றும் ஒரே பிரதி. புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். மூன்றும் ஒரே பீரோவில் இருந்தால் ஒரு வெள்ளம் போதும். வெளியூர்த் தம்பி வீட்டில் ஒரு டிஸ்கைக் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்குப் போகும்போது புதியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: 32 ஜிபி பென்டிரைவ் காலியாக இருக்கிறது. 5 ஜிபி வீடியோவை ஏற்க மறுக்கிறதே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அது ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மேட் செய்யுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழியும், அதனால் காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் 1996 கல்யாணம் விஎச்எஸ் கேசட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி? (கும்பகோணம் வாசகி)

பதில்: முதலில் டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எந்த பிளேயரிலும் போடாதீர்கள். அது ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதிகம் தள்ளிப்போடவும் கூடாது. விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று ஓடுவதெல்லாம் பழைய மெஷின்கள்தான். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரமே ஆகும், குறுக்குவழி கிடையாது. ஸ்டுடியோவில் “டிவிடி போட்டுத் தருகிறோம்” என்றால், ஹார்ட் டிஸ்கில் ஃபைலாகக் கேளுங்கள். கேசட்டையும் கையோடு திரும்ப வாங்குங்கள்.

மினி டிவி (MiniDV) டேப் என்றால் சங்கதி வேறு. அதில் பதிந்திருப்பதே டிஜிட்டல். ஃபயர்வயர் கேபிளில் எடுத்தால் டேப்பில் உள்ளது அப்படியே வரும், மணிக்குச் சுமார் 13 ஜிபி. மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரில் எடுத்தால் தரம் குறையும். எந்த ஒயர் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: டிவிடியில் ஒரே படம் துண்டு துண்டாக இருக்கிறதே? (மதுரை வாசகர்)

பதில்: டிவிடி வீடியோவை 1 ஜிபிக்கு மேற்படாத துண்டுகளாகத்தான் வைக்கும். துண்டுகளைப் பொறுக்காமல் ‘வீடியோ_டிஎஸ்’ ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்யுங்கள். விஎல்சி அதை அப்படியே ஓட்டும்.

கேள்வி: இடம் போதவில்லை. எல்லாவற்றையும் எச்.265-க்கு மாற்றிச் சுருக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: சுருக்கியதை உறவினர்களுக்கு அனுப்புங்கள், அசலைத் தொடாதீர்கள். சுருக்கும்போது போன விவரம் திரும்பி வராது. இன்னொரு டிஸ்க் வாங்கும் செலவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கேள்வி: காப்பி செய்ததும் பழைய வீடியோக்களுக்கெல்லாம் இன்றைய தேதி காட்டுகிறது! (நெல்லை வாசகி)

பதில்: அது ‘கிரியேட்டட்’ தேதி, அதாவது பிரதி பிறந்த நாள். ‘மாடிஃபைட்’ தேதியைப் பாருங்கள், பழையது அங்கே இருக்கும். ஃபோல்டர் பெயரிலேயே வருடம், மாதம், நிகழ்ச்சி என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே வராது. கூடவே, பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வையுங்கள். எந்த மென்பொருளும் சொல்லாத விவரம் அது. இதை இந்த மாதமே செய்யுங்கள்.

கேள்வி: ஹார்ட் டிஸ்கில் ‘டக் டக்’ என்று சத்தம். வேறு பிரதி இல்லை. (சென்னை வாசகர்)

பதில்: உடனே நிறுத்துங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டாம், ரெக்கவரி மென்பொருளும் வேண்டாம். டேட்டா மீட்பவரிடம் நேராகக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.