மாட்சாப் பண்டிதர்

மாட்சாப் பண்டிதர் என்பவர் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் அண்மைக் காலமாகக் காணப்படும் ஒரு வகையினர். யப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளை இன்னும் வாயில் வைத்திராத நிலையிலேயே, அதைக் கலக்கும் கருவிகளின் யப்பானியப் பெயர்களைத் தடையின்றி ஒப்புவிப்பது இவரது முதன்மை அடையாளம். உட்துறைமுக வீதியிலும் டச்சுக்குடாக் கடற்கரையிலும் பொழுது சாயும் வேளையில் கைப்பேசியும் கையுமாகத் தென்படுவார்.

இவ்வூருக்கு யப்பான் புதிதன்று. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. பிற்காலத்தில் டோக்கியோ சீமெந்தின் ஆலை எழுந்தது; பாவித்த ஹயஸ் வான்கள் வந்திறங்கின. இவற்றின் உதிரிப்பாகம் எதற்கும் ஊரார் யப்பானியப் பெயர் கேட்டதில்லை. அக்குறையைப் பண்டிதர் நிவர்த்தி செய்கிறார்.

பாடத்திட்டம் ஒழுங்கானது. ‘சாவன்’ அகன்ற வாய்க் கோப்பை. ‘சாசென்’ ஒரே மூங்கில் துண்டை மெல்லிய இழைகளாகக் கீறிச் செய்த கலக்கி. நாரா மாநிலத்துத் தகயாமா இதற்குப் பேர்போனது. ‘சாஷகு’ தூள் அள்ளும் வளைந்த மூங்கில் கரண்டி. ‘நட்சுமே’ தூள் வைக்கும் சிமிழ். ‘ஃபுருய்’ அரிதட்டு. ‘ஹிஷாகு’ வெந்நீர் மொள்ளும் மூங்கில் அகப்பை. ‘கென்சுய்’ கழுவிய நீரை ஊற்றும் பாத்திரம். கடைசிப் பெயர் வரை வந்தவர் நண்பர்களின் உச்சரிப்பைத் திருத்தத் தகுதி பெறுகிறார்.

செய்முறைத் தேர்வு வீட்டுக் குசினியில் நடைபெறும். கருவிகள் தபாலில் வந்துசேரும்வரை அங்குள்ளவை பதவியுயர்வு பெறும். புட்டு மா அரிக்கும் அரிதட்டு ஃபுருய் ஆகும். சிரட்டை அகப்பை ஹிஷாகு ஆகும். கென்சுய்யின் பயனைக் கேட்ட அம்மம்மா, “அப்ப படிக்கமெண்டு சொல்லன்” என்று முடித்துவிடுவார். “தம்பி, மத்து கிடக்குது, அதால கடைஞ்சா என்ன?” என்னும் அம்மாவின் யோசனை பரிசீலனைக்கு எடுக்கப்படுவதில்லை.

முறைப்படி 2 கிராம் தூளுக்கு ஏறத்தாழ 80 பாகைச் சூட்டில் 70 மில்லிலீற்றர் நீர் போதும். மணிக்கட்டை முன்னும் பின்னும் விரைந்து ஆட்டினால் நுரை வரும். நுரை வந்ததும் படம் எடுக்கப்படும். குடிக்கும் பொறுப்பு விருந்தினருடையது. அவர்கள் சீனி கேட்பார்கள். மாட்சாத் தூளுக்கு வெளிச்சமும் சூடும் ஈரமும் ஆகா. அயல் மணத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே குளிர்சாதனப் பெட்டிக்குள் கீரிமீனுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட நட்சுமேயிலிருந்து, யப்பானில் கிடைக்காத ஒரு சுவை உருவாகிறது.

பண்டிதருக்குச் சரியான எதிர்த்தரப்பு தேத்தண்ணிக்கடை நானா. டஸ்ட் தேயிலை, துணி வடி, இரண்டு பேணி: இவைதாம் அவரது கருவிகள். பேர் சொல்லி எதையும் தேடமாட்டார். கை தானாகப் போய் எடுக்கும். சாசென் நுரை எழுப்பும் விதத்தைப் பண்டிதர் விளக்கி முடிப்பதற்குள், நானா நுரை பொங்க ஆத்தி ஊற்றிக் காசும் வாங்கியிருப்பார்.

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் காயாத சாசெனில் பூஞ்சணம் பிடிக்கும். அரிதட்டு புட்டுக்குத் திரும்பும். பண்டிதர்களில் ஒரு சாரார் கோப்பி இயந்திர உறுப்புகளின் இத்தாலியப் பெயர்களுக்கு மாறுவர். மறுசாரார் புதிய சாசெனுக்குக் காசு அனுப்பும்படி கனடாவிலுள்ள மாமாவுக்குச் செய்தி அனுப்புவர்.