காசில்லாத காலத்துத் தயாரிப்பாளர்

கேள்வி: சென்னையில் உதவி இயக்குநராக இருக்கிறேன். சொந்த ஊர் ஸ்ரீரங்கம். ஷூட்டிங் இருந்தால் நேரமில்லை. ஷூட்டிங் இல்லாவிட்டால் காசில்லை. என் கதையை எப்போதுதான் எழுதுவது சார்?

பதில்: இதற்கு உங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேரே பதில் வைத்திருக்கிறார்கள். எழுத்தாளர் சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர். அந்த உத்தியோகத்தோடுதான் நாவல்கள், சிறுகதைகள், 1986-ல் ‘விக்ரம்’ படக்கதை எல்லாம். கவிஞர் வாலி ஸ்ரீரங்கத்தில் ‘நேதாஜி’ என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார், திருச்சி வானொலிக்கு எழுதினார். சினிமாவில் பெயர் வாங்கிய பிறகும், மெட்டுக்குக் கட்டுப்படாத எழுத்தாக ராமாயணத்தை ‘அவதார புருஷன்’ ஆக்கி ஆனந்த விகடனில் தொடராகத் தந்தார்.

அவர்களைப் போல வேலைக்கு நடுவே எழுதலாம்தான். ஆனால் ஷூட்டிங்கில் லைட்டிங் மாற்றும் நேரத்திலும் ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட நீங்கள்தான் ஓட வேண்டும், தெரியும். அதனால் ஷூட்டிங் நாளில் கதை எழுத உட்காராதீர்கள். குறிப்பு மட்டும் எடுங்கள். ஹீரோ டம்ளரை எந்தக் கையில் பிடித்தார், சட்டையில் எத்தனை பட்டன் திறந்திருந்தது என்று கன்டினியூட்டி நோட்டில் குறிக்கிறீர்களே, அந்தக் கண் எழுத்தாளனுக்குப் பெரிய சொத்து.

ஷெட்யூல் முடிந்ததும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்குப் போங்கள். வாடகை கிடையாது, வீட்டுச் சாப்பாடு உண்டு. காசில்லாத காலத்துக்கு அம்மாவைவிட நல்ல தயாரிப்பாளர் கோடம்பாக்கத்தில் இல்லை. காலையில் எழுதுங்கள், சாயங்காலம் காவிரிப் பக்கம் நடங்கள். அடுத்த ஷெட்யூலுக்கு ரயில் ஏறும்போது முதல் வரைவு பையில் இருக்கட்டும்.